காது, மூக்கு, தொண்டை நோய்கள்: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருக்கலாம்?

காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். நாம் பதறி ஓடும் பல தொல்லைகள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் சிலவற்றில்தான் ஒவ்வொரு நாளும் கணக்காகிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய உதவுவதற்காகவே இந்தக் கேள்வி-பதில். இதில் வரும் மருந்தளவுகள், மருத்துவர் எழுதித் தருவதைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்லப்பட்டவை. இதைப் பார்த்து மருந்துக்கடையில் நேரே வாங்க வேண்டாம்.

காலையில் எழுந்ததிலிருந்து ஒரு காது அடைத்தாற்போல இருக்கிறது. குறும்பியாக இருக்கும், இரண்டு வாரம் பார்க்கலாமா?

வேண்டாம். இன்றோ நாளையோ காட்டிவிடுங்கள். பெரும்பாலும் குறும்பியாகவோ, சளிபிடித்ததால் வந்த நடுக்காது அடைப்பாகவோதான் இருக்கும். ஆனால் உள்காதின் நரம்புப் பகுதி திடீரென்று செயலிழந்தாலும் முதலில் தோன்றுவது இதே அடைப்பு உணர்வுதான். இன்னொரு காது நன்றாகக் கேட்பதால், இந்தக் காது கேட்கவில்லை என்பதே பலருக்கு உறைப்பதில்லை. போனை அந்தக் காதில் வைக்கும்போதுதான் தெரியவருகிறது.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று தொடர்ந்து ஓசை எழுப்புங்கள். அடைத்த காதில் ஓசை பலமாகக் கேட்டால் குறும்பி, நீர் போன்ற தடை என்று ஊகிக்கலாம். நல்ல காதின் பக்கம் ஓசை போனால் நரம்புப் பகுதியில் கோளாறு இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். இது ஊகத்துக்கு மட்டும். உறுதிசெய்ய, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்தாக வேண்டும். 3 நாட்களுக்குள், அடுத்தடுத்த 3 அலைவரிசைகளில் 30 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது ‘திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு’.

இதற்கு நம் கையில் உள்ள முக்கிய மருந்து ஸ்டீராய்டு. முதல் 2 வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். அது போதிய பலன் தராவிட்டால், நோய் தொடங்கிய 2 முதல் 6 வாரங்களுக்குள் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறது 2019இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்க வழிகாட்டுதல். நடைமுறையில் காரியம் கெடுவது இப்படித்தான்: மருந்துக்கடையில் காதுச் சொட்டு வாங்கி ஒரு வாரம், சளி மாத்திரையில் இன்னொரு வாரம், பிறகு குடும்ப மருத்துவர், அதற்குப் பிறகு இஎன்டி. அங்கே போய்ச் சேரும்போது அந்த 2 வாரம் கடந்திருக்கும். சிலருக்கு மருந்தில்லாமலே கேட்கும் திறன் திரும்புவது உண்மைதான். உங்களுக்குத் திரும்புமா என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை என்பதால்தான் இந்த அவசரம்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். செவி நரம்பில் மெதுவாக வளரும் கட்டி சிலருக்கு இப்படித் திடீரென்று முகம் காட்டும்.

ஸ்டீராய்டை அதிக அளவில் ஊசியாகப் போட்டால் சீக்கிரம் சரியாகுமா? எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

அதிக அளவால் பலனில்லை என்பது இப்போது உறுதியாகத் தெரிகிறது. ஜெர்மனியில் 325 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு 5 நாள் தினமும் ஸ்டீராய்டு வகையான பிரெட்னிசோலோன் 250 மி.கி. ரத்தநாள ஊசி. அடுத்த பிரிவுக்கு 5 நாள் 40 மி.கி. டெக்சாமெத்தசோன் மாத்திரை, மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான 60 மி.கி. பிரெட்னிசோலோன் மாத்திரை, பிறகு படிப்படியாகக் குறைப்பு. செவித்திறன் மீண்டதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. அதிக அளவு கொடுத்தவர்களுக்குப் பக்கவிளைவுதான் கூடியது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரை தொடங்கிய ஓரிரு நாளிலேயே அளவு எகிறும். தினமும் பார்த்து இன்சுலினையோ மாத்திரையையோ மாற்றியமைக்க வேண்டும். அதற்குப் பதிலாக நடுக்காது ஊசியையே முதல் சிகிச்சையாகக் கேட்கலாம். 2011இல் 250 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், 2 வாரத்தில் 4 ஊசி போட்டவர்களின் பலன் 60 மி.கி. மாத்திரை சாப்பிட்டவர்களின் பலனுக்குக் குறையவில்லை. ஊசி போட்ட பின் 20–30 நிமிடம் அந்தக் காது மேலே இருக்கும்படி படுத்து, எச்சில் விழுங்காமல் இருக்கச் சொல்வார்கள். விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்து மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.

வைரஸ் மருந்து, ரத்த ஓட்டத்தைக் கூட்டும் சலைன் ஆகியவற்றை அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. அவற்றுக்குச் செலவு செய்யாதீர்கள்.

படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது. அசையாமல் இருந்தால் அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மூளையில் ஏதாவது இருக்குமோ?

படுக்கும்போது, புரளும்போது, பரணைப் பார்க்க அண்ணாந்தால் மட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வரும் கிறுகிறுப்பு பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. உள்காதில் இருக்க வேண்டிய நுண்ணிய கால்சியம் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாயொன்றில் புகுந்துவிடுகின்றன. தலை அசையும்போது அவை நகர்ந்து, உடல் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகின்றன. இதை மாத்திரையால் சரிசெய்ய முடியாது. துகளை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். ஜான் எப்ளி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் வெளியிட்ட முறை இன்றும் முதல் சிகிச்சை.

எந்தக் காது என்பதை மருத்துவர் உறுதிசெய்த பிறகு, வலது காதுக்கு இப்படிச் செய்வார்கள்:

கால்களை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்து தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பவும். படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி ஒரு தலையணை வைத்துக்கொள்ளவும். தலை திரும்பிய நிலையிலேயே சட்டென்று பின்னால் சாயவும். தலை 20 பாகை அளவு கீழே தொங்க வேண்டும். இப்போது சுற்றும். கண்ணைத் திறந்தபடி, சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 முதல் 60 வினாடி அப்படியே இருக்கவும். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி அதே நேரம் காத்திருக்கவும். அடுத்து உடலையும் இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி மறுபடி காத்திருக்கவும். கடைசியாக, இடப்பக்கமாகவே மெதுவாக எழுந்து உட்காரவும்.

பலிக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் அதிகம். தவறான காதுக்குச் செய்வது முதலாவது. ஒவ்வொரு நிலையிலும் சுற்றல் நிற்கும் முன்பே அடுத்ததற்குத் தாவுவது இரண்டாவது. துகள் வேறொரு குழாயில் இருப்பது மூன்றாவது; அதற்கு வேறு அசைவுமுறை உண்டு. கழுத்து எலும்புத் தேய்மானம் கடுமையாக உள்ளவர்களும், விழித்திரை விலகல் சிகிச்சை அண்மையில் பெற்றவர்களும் தாமாகச் செய்யக் கூடாது. இதைச் செய்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கச் சொல்வது பழைய வழக்கம். அது தேவையில்லை.

திரும்பத் திரும்ப வருகிறதா? ரத்தத்தில் வைட்டமின் டி பாருங்கள். 2020இல் வெளியான கொரிய ஆய்வில் 957 பேர் இருந்தார்கள். டி அளவு 20 நானோகிராமுக்குக் கீழ் இருந்தவர்களுக்குத் தினம் இரு வேளை 400 யூனிட் வைட்டமின் டியும் 500 மி.கி. கால்சியமும் கொடுத்தபோது, சிகிச்சைப் பிரிவில் மறுபடி வருவது 24 சதவீதம் குறைந்தது. மலிவான, எளிய வழி. இன்னும் பரவலாகப் பயன்படுத்தப்படாதது வருத்தம்.

சுற்றல் மணிக்கணக்கில் நிற்காமல் தொடர்ந்தால், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கை கால் தடுமாற்றம், நிற்கவே முடியாமை இவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தலைசுற்றலுக்கு பீட்டாஹிஸ்டின் மாதக்கணக்கில் சாப்பிடுகிறேன். தொடரலாமா?

எந்த நோய்க்கு என்று கேளுங்கள். மேலே சொன்ன துகள் கோளாறுக்கு அது வழக்கமான சிகிச்சையே அல்ல. காது இரைச்சலும் செவித்திறன் ஏற்ற இறக்கமும் சேர்ந்து வரும் மெனியர் நோய்க்கு அதைத்தான் உலகெங்கும் எழுதுகிறார்கள். ஆனால் 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 221 பேருக்கு 9 மாதம் கொடுத்துப் பார்த்தபோது, தினம் 48 மி.கி., 144 மி.கி., வெற்று மாத்திரை (ஒப்பிடுவதற்காகத் தரும் மருந்தில்லாத மாத்திரை) ஆகிய மூன்றிலும் தாக்குதல்கள் ஒரே அளவில்தான் குறைந்தன. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை இரண்டு மூன்று நாள் வாந்தியை அடக்கலாம். வாரக்கணக்கில் எடுத்தால் மூளை தானாகச் சமநிலை பழகுவதைத் தாமதப்படுத்தும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் வரும்.

குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் அழுகிறது. உடனே ஆன்டிபயாடிக் தர வேண்டாமா?

முதலில் தர வேண்டியது வலி மருந்து. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கே ஒரு பெரிய குழப்பம் உண்டு. பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி., 5 மி.லி.க்கு 250 மி.கி., சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. என்று மூன்று வகை கடையில் கிடைக்கிறது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டுமானால் முதலாவதில் சுமார் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டில் 1.5 மி.லி. லேபிளைப் படிக்காமல் ‘ஒரு மூடி’ என்று கொடுத்தால் வலி அடங்காது, அல்லது அளவு மீறும்.

2 வயதுக்கு மேல், கடும் காய்ச்சலோ கடும் வலியோ சீழோ இல்லையென்றால் 48 முதல் 72 மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். 6 மாதம் முதல் 2 வயதுக்குள், ஒரே காதில் லேசான தொற்று என்றாலும் இது பொருந்தும். பொறுப்பதென்றால் மருத்துவர் காதைப் பார்த்த பின், மறுபடி வரவேண்டிய நாளைக் குறித்துக்கொண்டு பொறுப்பது. 6 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இது பொருந்தாது. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டால் சொன்ன நாள்வரை கொடுங்கள். 2016இல் 2 வயதுக்குட்பட்ட 520 குழந்தைகளிடம் 5 நாளையும் 10 நாளையும் ஒப்பிட்டார்கள். 5 நாளில் நிறுத்திய பிரிவில் 34 சதவீதத்தினருக்கு மருந்து பலிக்கவில்லை. 10 நாள் பிரிவில் அது 16 சதவீதம்.

காதுக்குள் காய்ச்சிய எண்ணெய் ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போகும். இல்லாவிட்டாலும் வெளிக்காதில் ஈரமும் பிசுக்கும் தங்கிப் பூஞ்சை வளர இடமாகிவிடும்.

நடுக்காதில் நீர் கோத்திருக்கிறது, செவிப்பறையில் சிறு குழாய் வைக்க வேண்டும் என்கிறார்கள்.

வலியும் காய்ச்சலும் இல்லாமல் நீர் மட்டும் இருந்தால் முதலில் 3 மாதம் கண்காணிப்பதே வழக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாக வற்றிவிடும். அந்த 3 மாதத்தைச் சும்மா கழிக்காமல் ஒன்று செய்யலாம். மூக்குத் துவாரத்தில் பொருத்தும் சிறு முனையில் பலூனை மாட்டி, ஒரு துவாரத்தை விரலால் மூடி, மறு துவாரத்தால் ஊதிப் பெரிதாக்க வேண்டும். நாளுக்கு 3 முறை, இரு பக்கமும். 4 முதல் 11 வயதுக்குட்பட்ட 320 குழந்தைகளிடம் இங்கிலாந்தில் செய்த ஆய்வில், ஒரு மாதத்தில் நடுக்காது அழுத்தம் சீரானது பலூன் பிரிவில் 47 சதவீதம், மற்றப் பிரிவில் 36 சதவீதம். 4 வயதுக்குக் கீழ் குழந்தைகளுக்கு இதைச் செய்யத் தெரியாது. சளி பிடித்திருக்கும் நாட்களில் நிறுத்திவைக்கவும்.

நீர் இரு காதிலும் 3 மாதத்துக்கு மேல் நின்று, ஆடியோகிராமிலும் குறைபாடு தெரிந்து, பேச்சோ படிப்போ பாதிக்கப்பட்டால் குழாய் வைப்பதுதான் சரி. ஆனால் அடிக்கடி காதுத் தொற்று வருகிறது என்பதற்காக மட்டும் வைப்பது வேறு விஷயம். 2021இல் 250 சிறு குழந்தைகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் ஆண்டுக்குத் தொற்று எண்ணிக்கை குழாய் வைத்தவர்களுக்கு 1.48, மருந்து மட்டும் கொடுத்தவர்களுக்கு 1.56. கிட்டத்தட்ட ஒன்றேதான்.

டான்சிலை எடுத்துவிடலாமா?

கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். கடந்த ஓராண்டில் 7 முறை, அல்லது 2 ஆண்டுகளாக ஆண்டுக்கு 5, அல்லது 3 ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முறை காய்ச்சலோ சீழோ கழுத்து நெறிகட்டலோ சேர்ந்து வந்திருந்தால் எடுப்பதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு தடவையும் தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பது பெரிய உதவி. நினைவில் இருந்து சொல்லும்போது எண்ணிக்கை எப்போதும் கூடிவிடுகிறது.

பெரியவர்களுக்கு 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு முக்கியமானது. 453 பேரில் எடுத்தவர்களுக்கு 2 ஆண்டில் தொண்டை வலித்த நாட்கள் சுமார் 23, எடுக்காதவர்களுக்கு 30. பலன் உண்டு. ஆனால் எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. 5 முதல் 10 நாட்களில் புண்ணின் மேல்படலம் உதிரும்போது கசியலாம். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைக்காதீர்கள்.

குறட்டை விட்டு, மூச்சு நின்று நின்று தூங்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குத் தூக்கச் சோதனை, அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) அளவு என்று தனி முடிவு. லேசான குறட்டை உள்ள 459 குழந்தைகளிடம் 2023இல் நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. கவனிப்புத் திறன் சோதனையில் வேறுபாடு இல்லை.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து இல்லாமல் தூங்க முடிவதில்லை.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகள் 5 நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். 5 நாளைத் தாண்டினால் அதே மருந்துதான் அடைப்புக்குக் காரணமாகிவிடும். அந்தப் பழக்கத்தைக் கைவிட, ஒரு துவாரத்துக்கு மட்டும் சொட்டை நிறுத்தி, அந்தப் பக்கம் சரியான பிறகு மறு பக்கத்தையும் நிறுத்துவது தாங்கிக்கொள்ளக்கூடிய வழி. கூடவே மருத்துவர் மூக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே தருவார்.

ஸ்ப்ரேயைப் பலர் நடுச்சுவரை நோக்கி அடிக்கிறார்கள். ரத்தம் வருவதும் பலன் குறைவதும் அதனால்தான். தலையைச் சற்றுக் குனிந்து, இடது துவாரத்துக்கு வலக்கையாலும், வலது துவாரத்துக்கு இடக்கையாலும் அடியுங்கள். முனை தானாகவே கண்ணின் வெளியோரத்தை நோக்கிச் சாயும். பலமாக உறிஞ்ச வேண்டாம். உறிஞ்சினால் தொண்டைக்குப் போய்விடும். முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகும். இரண்டு நாளில் ‘கேட்கவில்லை’ என்று விடாதீர்கள்.

சளி மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின் வாய்வழி எடுத்தால் மூக்கடைப்பை நீக்காது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது. 2024இல் அதை மூக்கடைப்பு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கும் முன்மொழிவும் வந்தது. இங்கே விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது.

உப்புநீர்க் கழுவல் நல்லது. நன்றாகக் கொதித்து ஆறிய நீர் 240 மி.லி., அயோடின் சேர்க்காத உப்பு அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே மூக்கில் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் நுழைகிறது. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் வந்த உயிரிழப்புகள் நமக்குத் தொலைவில் இல்லை.

மூக்கில் சதை வளர்ந்து மூன்றாவது முறை அறுவை சிகிச்சை சொல்கிறார்கள். ஊசி மருந்து இருக்கிறதாமே?

இருக்கிறது. டுபிலுமாப் 300 மி.கி. தோலடி ஊசி, 2 வாரத்துக்கு ஒருமுறை. 2019இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. சதையைச் சுருக்கி, வாசனையையும் பலருக்குத் திருப்பித் தருகிறது. 2025இல் டெசெபெலுமாப் என்ற மருந்தும் 408 பேரிடம் நல்ல பலன் காட்டியது. மறு அறுவை சிகிச்சைத் தேவை வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஊசியை நிறுத்தினால் பலருக்குச் சதை மறுபடி வளர்கிறது, விலையும் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது. ஆஸ்துமாவும், ஆஸ்பிரின் ஒவ்வாமையும் சேர்ந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கே இது என்பது எங்கள் கருத்து.

முதல் முறை சைனஸ் அறுவை சிகிச்சை பற்றித் தயங்குபவர்களுக்கு 2025இல் லான்செட்டில் ஒரு பிரிட்டன் ஆய்வு வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோரில் எண்டோஸ்கோபி அறுவை சிகிச்சை தெளிவான பலன் தந்தது. 3 மாதம் குறைந்த அளவு கிளாரித்ரோமைசின் கொடுத்தது வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் தின்பதைக் கைவிட இது போதுமான காரணம்.

சளிக்காய்ச்சலுக்குப் பிறகு வாசனையே தெரியவில்லை.

வாசனைப் பயிற்சி செய்யுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையிலும் இரவிலும், ஒவ்வொன்றையும் 20 வினாடி, அந்த வாசனையை மனத்தில் நினைத்தபடி முகர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2009இல் வெளியான முறை இது. நம் வீட்டில் நீலகிரித் தைலமும் கிராம்பும் எலுமிச்சைத் தோலும் எப்போதும் இருக்கும். பன்னீர் வாங்கினால் போதும். குறைந்தது 12 வாரம். பெரும்பாலோர் மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதுவரை சமையல் எரிவாயுக் கசிவை மூக்கால் அறிய முடியாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

தொண்டையில் ஏதோ சிக்கினாற்போல இருக்கிறது. அமில மாத்திரை 4 மாதமாகச் சாப்பிடுகிறேன்.

2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இதே தொல்லை உள்ள 346 பேருக்கு அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல் 30 மி.கி. தினம் இரு வேளை 16 வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே அளவு தேறினார்கள். நெஞ்செரிச்சல் இல்லாமல், தொண்டைத் தொல்லைக்காக மட்டும் அதே வகையான பேன்டோபிரசோலை மாதக்கணக்கில் தொடர்வதில் பொருளில்லை. தொண்டையை அடிக்கடி செருமுவதை நிறுத்துங்கள். செருமச் செருமக் குரல்வளை வீங்கி, சிக்கிய உணர்வு கூடும். செரும வேண்டும் போலிருந்தால் ஒரு மிடறு தண்ணீர்.

விழுங்கும்போது உணவு நின்றால், எடை குறைந்தால், ஒரு பக்கம் மட்டும் வலித்தால், கழுத்தில் கட்டி தெரிந்தால், குரல் 3 வாரத்துக்கு மேல் கரகரத்தால் அது வேறு கதை. எண்டோஸ்கோபி வைத்துக் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். புகை, புகையிலை, பாக்கு வழக்கம் உள்ளவர்கள் 3 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வாய்ப் புற்றுநோயில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் இரண்டு ஆய்வுகள் உலக நடைமுறையையே பாதித்தவை. 2015இல், கட்டி சிறிதாக இருக்கும்போதே கழுத்து நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தால் 3 ஆண்டு உயிர்வாழ்வு 67.5 சதவீதத்திலிருந்து 80 ஆக உயரும் என்று காட்டினார்கள். 2023இல், குணப்படுத்த முடியாத நிலையில் இருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, நோயெதிர்ப்பைத் தூண்டும் நிவோலுமாப் ஊசி, 3 வாரத்துக்கு ஒருமுறை 20 மி.கி. மட்டும், மாத்திரை சிகிச்சையோடு சேர்த்தார்கள். ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனது. விலை தாங்காது என்று ஊசி மருந்தை ஒதுக்கிய குடும்பங்கள் இந்தக் குறைந்த அளவு பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

குழந்தை பிறவியிலேயே காது கேளாதது. மரபணு சிகிச்சை வந்துவிட்டதாம்; காத்திருக்கலாமா?

செய்தி உண்மை. காத்திருப்பதுதான் தவறு.

ஓடோஃப் என்ற மரபணு கெட்டால் உள்காதின் செல்கள் ஒலியைப் பிடித்தும் நரம்புக்குக் கடத்த முடியாமல் போகும். அந்த மரபணு, அதைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஒரு வைரஸுக்குள் அடங்காத அளவு பெரியது. எனவே இரண்டாக வெட்டி இரண்டு வைரஸ்களில் ஏற்றி, உள்காதின் வட்டச் சாளரம் வழியே செலுத்துகிறார்கள். செல்லுக்குள் இரு பாதியும் சேர்ந்துகொள்கின்றன. ஷாங்காயில் 6 குழந்தைகளுக்குச் செய்து 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் லான்செட் வெளியிட்டது. 2025இல் 1 முதல் 24 வயதுவரை 10 பேரிடம் செய்த ஆய்வில், கேட்கத் தேவைப்பட்ட ஒலியின் அளவு சராசரி 106 டெசிபெலில் இருந்து 52க்கு இறங்கியது.

ஆனால் பிறவிக் கேளாமையில் ஓடோஃப் ஒரு சிறு பங்குதான். இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஜிஜேபி2 என்ற வேறொரு மரபணு. அதற்கு இந்தச் சிகிச்சை பயன்படாது. நெருங்கிய உறவில் திருமணம் செய்த குடும்பங்களில் மரபணுச் சோதனை செய்துகொள்வது அடுத்த குழந்தைக்கும் உதவும்.

இங்கே ஒரு நுணுக்கம். ஓடோஃப் குழந்தைகளுக்கு உள்காதின் வெளிவரிசைச் செல்கள் நன்றாக இருப்பதால், அந்தச் செல்களை மட்டும் பார்க்கும், பிறந்த உடன் செய்யும் ஓஏஇ சோதனையில் ‘பாஸ்’ என்று வந்துவிடும். குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று தாய்க்குத் தோன்றினால், அந்தத் தாளை நம்பி இருக்காமல், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை கேளுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியது 1-3-6: 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவியோடு பயிற்சி தொடக்கம். கருவி போதாத குழந்தைக்கு, உள்காதில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட். பேச்சு மொழி பதியும் காலம் முதல் சில ஆண்டுகள்தான். மரபணு மருந்துக்காக அதை இழந்தால் பின்னால் எந்த மருந்தும் ஈடு செய்யாது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் கிடைக்கிறது. அறுவை சிகிச்சை பாதி வேலை. மீதி, வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போவது.

அப்பாவுக்கு 74 வயது. காது மெஷின் போட்டால் மறதி நோய் வராதாமே?

அப்படி உறுதி சொல்ல முடியாது. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயதுவரை 977 பேரை 3 ஆண்டு கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் மெஷின் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சிந்தனைத் திறன் குறைவதில் வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த பிரிவில் மட்டும் அந்தச் சரிவு 48 சதவீதம் மெதுவானது. மறதிக்காக என்று நினைக்காவிட்டாலும், பேரன் பேசுவது அவருக்குக் கேட்பதற்காகவே மெஷின் போடலாம்.

வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிடுவதற்குச் சில காரணங்கள் உண்டு. முதல் நாளே கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போவது ஒன்று. முதல் வாரம் வீட்டில், ஒருவரோடு பேசும்போது 2–3 மணி நேரம் மட்டும் போட்டுப் பிறகு கூட்டுங்கள். காதுக்குள் போகும் முனையின் அளவு பொருந்தாமல் கீச்சென்ற ஒலி வருவது இன்னொன்று. முனையை மாற்றினால் சரியாகும். ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று கொண்டுவருவதில் பெரும்பங்கு, குறும்பி அடைத்த வடிகட்டிதான். ஒரு நிமிடத்தில் மாற்றலாம். மாற்றும் முறையை வாங்கும் அன்றே வீட்டில் இளையவர் ஒருவர் கற்றுக்கொள்ளட்டும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் மெஷினைத் தின்றுவிடும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால்?

அண்ணாந்து பார்க்க வேண்டாம்; ரத்தம் தொண்டைக்கு இறங்கி வாந்தி வரும். உட்கார்ந்து முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து 10–15 நிமிடம் விடாமல் வையுங்கள். நடுநடுவே விட்டுப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. அவசரப் பிரிவில் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சை வைப்பது வழக்கமாகி வந்தது; 2021இல் 496 பேரிடம் நடந்த பிரிட்டன் ஆய்வில் அது வெற்று நீரை விட மேலாக இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், 15 நிமிடம் அழுத்தியும் நிற்காதவர்களும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும் வழியிலும் விரலை எடுக்காதீர்கள்.